"அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்றால் ஆதித் திருச்சபை அறிவையே வேண்டாம் என்றதா?

கரைவழி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வேதபாடக் குழுவில் யாராவது கொஞ்சம் ஆழமாகக் கேள்வி கேட்டுவிட்டால் போதும், உடனே ஒருவர் 1 கொரிந்தியர் 8:1-ஐ எடுத்து வீசுவார்: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." கேள்வி கேட்டவர் அத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அன்பு இருந்தால் போதும், படிப்பெல்லாம் பெருமைக்காரர்கள் வேலை என்பதுதான் அங்கே பொதுக்கருத்து.

ஆனால் முதல் நூற்றாண்டுகளின் எழுத்தாளர்களைப் புரட்டினால் குழப்பமாக இருக்கிறது. தேவனை அறிவது, நித்திய இரட்சிப்பு, இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று ஒருவன் வந்து நின்றால், உண்மையான ஞானி தயங்காமல் அறிவைத்தான் எடுப்பான் என்று எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து ஆசிரியர் கிளெமெந்து எழுதுகிறார். லியோன் நகரத்து ஆயர் இரேனியுவோ அதற்குச் சற்று முன்னால்தான், பெரிய படிப்பில்லாமல் அன்பினால் தேவனிடம் நெருங்குவது மேல் என்று எழுதியிருக்கிறார். இருவருமே பவுலைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இது எப்படி? வாதத்துக்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மலைக்கோட்டை வாத்தியார்

தம்பி, அந்த ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்ததில்தான் வம்பு. எட்டாம் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அங்கே வழக்கு என்ன? விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பது. (நம் சபைகளில் இந்த அதிகாரம் வந்தாலே, பக்கத்து வீட்டில் படைத்துக் கொடுத்தனுப்பிய பொங்கலைத் தொடலாமா கூடாதா என்று பேச்சு திரும்பிவிடும், அது தனிக்கதை.) கொரிந்துவில் கோயில்களை ஒட்டி விருந்து அறைகள் இருந்தன. அஸ்கிலேப்பியுஸ் கோயிலோடு சேர்ந்த சாப்பாட்டு அறைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள், சாய்ந்து படுத்துச் சாப்பிடுவதற்குச் சுவரோரம் மஞ்சங்களோடு. நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக இருந்தால் அங்கே விருந்துக்கு அழைப்பு வரும்.

சபையில் சிலர் சொல்கிறார்கள்: ஒரே தேவன்தான் உண்டு, விக்கிரகம் என்று ஒன்றும் கிடையாது, அப்புறம் இறைச்சியில் என்ன வந்துவிட்டது? கவனியுங்கள், பவுல் இதை மறுக்கவே இல்லை. நான்காம் வசனத்தில் அவரே ஒத்துக்கொள்கிறார். அவர்கள் அறிந்தது சரி. கோளாறு வேறு இடத்தில். நேற்றுவரை அந்தக் கோயிலில் பலி செலுத்திக்கொண்டிருந்த ஒருவன், இன்னும் அந்தப் பழக்கத்தின் பிடி விடாதவன், வாசலில் நின்று பார்க்கிறான். விவரம் தெரிந்த அண்ணன் உள்ளே மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறார். அவனும் மனசாட்சி உறுத்த உறுத்த உள்ளே போய்ச் சாப்பிடுகிறான், உடைந்துபோகிறான். உன் அறிவினால் அந்தப் பலவீனன் கெட்டுப்போகலாமா, அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தாரே என்று பவுல் கேட்பது இந்த இடத்தில்தான்.

ஆக, அறிவு வேண்டாம் என்பது அவர் பேச்சே இல்லை. அறிந்தவன் அந்த அறிவை யார் தலையில் போட்டு உடைக்கிறான் என்பதுதான் பேச்சு.

மூன்றாம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவன் தேவனை அறிந்திருக்கிறான் என்று முடியும் என்றுதான் எதிர்பார்ப்போம். பவுல் வாக்கியத்தைத் திருப்பி விடுகிறார்: அவன் "தேவனால் அறியப்பட்டிருக்கிறான்". கலாத்தியர் 4:9-இலும் இதே திருப்பம். தேவனை அறிந்தீர்கள் என்று ஆரம்பித்து, இல்லை, தேவனால் அறியப்பட்டீர்கள் என்று தம்மையே திருத்திக்கொள்கிறார். இதற்குப் பிறகு 500 வருடம் நடந்த பேச்சுக்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது.

எதிர்க்காற்று

வாத்தியார் ஐயா, பவுலை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள், சரி. இரேனியுவை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? அவர் நேராகவே சொல்கிறாரே, எளிய மனிதனாக, கொஞ்சம் தெரிந்தவனாக இருப்பது மேல் என்று. படிக்காதே என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

மலைக்கோட்டை வாத்தியார்

அடுத்த வரியை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். பவுல் தேவனைப் பற்றிய உண்மை அறிவைக் குறை சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் முதலில் தன்னையே குற்றம் சாட்டியிருக்க வேண்டும் என்று இரேனியுவே எழுதிவைத்திருக்கிறார். ஞானவாதிகளை, அதாவது இரகசிய அறிவினால்தான் மீட்பு என்ற கூட்டத்தாரை, மறுத்து அவர் எழுதிய நூலில், இரண்டாம் புத்தகம், 26-ஆம் அதிகாரம். அங்கேயே ஒரு வேடிக்கையும் உண்டு. உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இவன் தலையில் எத்தனை, அவன் தலையில் எத்தனை, ஏன் இவனுக்குக் கூட, அவனுக்குக் குறைவு, ஒரு நாளைக்கு எத்தனை குருவி பிடிபடுகிறது, நேற்று அத்தனை, இன்று ஏன் இத்தனை என்று ஒருவன் ஆராய்ச்சி பண்ணக் கிளம்பினால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். அவருக்கு எரிச்சல் அந்த வகை ஆராய்ச்சி மேல்தான்.

படிப்பை வெறுத்த மனிதர், வலெந்தீனு என்ற ஞானவாத ஆசிரியரின் சீடர்கள் சொன்ன 30 ஏயோன்களையும் (தெய்வீக சக்திகளையும்) ஒவ்வொன்றாகப் பெயரெழுதி, ஐந்து புத்தகம் மறுப்பு எழுதுவாரா? நான்காம் புத்தகத்தில் இன்னும் அழகாகச் சொல்கிறார்: தேவனுடைய மகத்துவத்தை வைத்துப் பார்த்தால் அவரை அறிய முடியாது, அவருடைய அன்பை வைத்துத்தான் அறிய முடியும். நம்முடைய அன்பு இல்லை, அவருடைய அன்பு. அவர் இறங்கி வந்து காட்டினால்தான் அறிவு என்கிற பேச்சுக்கே இடம்.

பழங்கணக்கு

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் கொஞ்சம் கேட்டுவிடுவோமே. இரேனியு எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஞானவாதிகள் எல்லோரும் அன்பு என்றால் என்னவென்றே தெரியாத கர்வம் பிடித்தவர்கள் மாதிரி தோன்றும். 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாடி அருகே ஒரு ஜாடிக்குள் கொப்திய மொழிச் சுவடிகள் கிடைத்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அவற்றில் ஒன்று பிலிப்பு சுவிசேஷம். அதிலும் இதே கொரிந்தியர் வசனம் வருகிறது, கேளுங்கள். அறிவினால் விடுதலையானவன், அந்த விடுதலையை இன்னும் எட்டாதவர்களுக்காக, அன்பினால் அடிமையாகிறான் என்கிறது. பவுல் எட்டாம் அதிகாரத்தில் கேட்டது இதைத்தானே!

அதற்குப் பிறகு வருவது இன்னும் அழகு. ஆவிக்குரிய அன்பு திராட்சரசமும் நறுமணத் தைலமும் போல. பூசிக்கொண்டவர்கள் அனுபவிக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் மணம் கிடைக்கிறது. பூசியவர்கள் எழுந்து போய்விட்டால் மற்றவர்கள் தங்கள் பழைய நாற்றத்தோடு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் சமாரியன் காயப்பட்டவனுக்குத் திராட்சரசத்தையும் எண்ணெயையும் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லையாம்.

ஆக, இரண்டு தரப்புக்கும் ஒரே வசனம், ஏறக்குறைய ஒரே பாடம். சண்டை அன்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை, உலகத்தைப் படைத்தது யார், மேலான தேவனா அவருக்குக் கீழான வேறொருவனா என்பதில்.

எதிர்க்காற்று

பழங்கணக்கு சொல்வது சுவாரசியம்தான். ஆனால் "பூசிக்கொண்டவர்கள்", "பக்கத்தில் நிற்பவர்கள்" என்று அங்கேயே ஆட்களை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது பாருங்கள். கிளெமெந்துவும் இதையேதான் செய்கிறார். சாதாரண விசுவாசி பயத்தினால் பாவத்தை விடுகிறான், ஞானி அன்பினால் நன்மை செய்கிறான். மேல்தட்டு, கீழ்த்தட்டு. இதை அன்பு என்று எப்படி அழைப்பது?

கிழக்குவாசல்

கிளெமெந்துவை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். அவர் வாழ்ந்த அலெக்சாந்திரியாவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் படித்த ஞானவாதிகள். இன்னொரு பக்கம் கிரேக்கத் தத்துவம் என்றாலே ஓடும் விசுவாசிகள். குழந்தைகள் முகமூடியைப் பார்த்துப் பயப்படுவதுபோல இவர்கள் தத்துவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அவர் கிண்டலே அடிக்கிறார். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் ஒரு வரிசை போடுகிறார்: விசுவாசத்தோடு அறிவு சேர்கிறது, அறிவோடு அன்பு சேர்கிறது, அன்புக்குப் பிறகு சுதந்தரம், அதாவது தேவன் வாக்களித்த உரிமைச்சொத்து. அறிவு நடுப்படிதான். இலக்கு அன்பு.

கரைவழி காட்டிய அந்த வாக்கியத்தையும் முழுசாகப் பார்க்க வேண்டும். தேவனை அறிவதும் இரட்சிப்பும் தனித்தனியாக இருந்தால் என்று கற்பனைக்கு வைத்துக்கொண்டு, உண்மையில் இரண்டும் ஒன்றேதான் என்று அதே வாக்கியத்துக்குள் சொல்லிவிடுகிறார். பயத்துக்காகவோ கூலிக்காகவோ தேவனைத் தேடக் கூடாது, அவருக்காகவே தேட வேண்டும் என்பது அவர் சொல்ல வந்தது. காதலிக்கிறவர் யாரும் என்ன லாபம் என்று கேட்டுவிட்டா காதலிக்கிறார்? அறிவு என்ற பெயரில் அவர் அன்பைத்தான் விவரிக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இரண்டு தட்டு என்ற குற்றச்சாட்டு மட்டும் ஓரளவு நிற்கும், அதை மறுக்க மாட்டேன்.

கரைவழி

அப்படியானால் வரிசை விசுவாசம், அறிவு, அன்பு. எல்லோரும் இதையே பின்பற்றினார்களா அக்கா?

கிழக்குவாசல்

இல்லை, அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. அடுத்து எவாக்ரியுஸ் என்று ஒருவர். கருங்கடல் கரையிலுள்ள பொந்து நாட்டுக்காரர், கான்ஸ்டாண்டிநோபிளில் நல்ல பேச்சாளர் என்று பேரெடுத்த திருத்தொண்டர். பெரிய அதிகாரி ஒருவரின் மனைவியோடு மனம் சிக்கிக்கொள்ள, ஊரை விட்டே எருசலேமுக்கு ஓடினார். அங்கே நோயில் விழுந்தார், மெலானியா என்ற துறவி அவரைத் தேற்றி வழிகாட்ட, எகிப்துப் பாலைவனத்துக்குப் போய், கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பில் 399-இல் இறக்கும்வரை இருந்தார். அவர் எழுதிய வரிசை நேர்மாறு: விசுவாசத்திலிருந்து பயம், அதிலிருந்து அடக்கம், பொறுமை, நம்பிக்கை, அதிலிருந்து ஆசாபாசம் அடங்கிய நிலை, அந்த நிலையின் பிள்ளைதான் அன்பு. அன்பு எதற்கு வாசல் என்றால், படைப்பைப் பற்றிய அறிவுக்கு. அதற்குப் பிறகுதான் தேவனைப் பற்றிய அறிவு. கிளெமெந்துவுக்கு அறிவைத் தாண்டினால் அன்பு. எவாக்ரியுஸுக்கோ அன்பைத் தாண்டினால்தான் அறிவு.

இது வெறும் ஏணிப்படிக் கணக்கு இல்லை. அவர் திரும்பத் திரும்ப எச்சரிப்பது கோபத்தைப் பற்றி. ஞானி என்ற பெயருக்கு வந்தவனுக்குக் கோபத்தைப் போல விரோதி வேறில்லை. சகோதரன்மேல் மனதில் கசப்பை வைத்துக்கொண்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தால், தேவன் தெரிய மாட்டார், அவன் முகம்தான் தெரியும். அன்பு இல்லாமல் ஒன்றைச் சரியாகப் *பார்க்கவே* முடியாது என்பது அவருக்கு அனுபவ உண்மை. ஏகாந்தத்தில் உட்கார்ந்து மனம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தவர்களில் அவருக்கு நிகர் அந்தக் காலத்தில் குறைவு. 1 யோவான் 4:8 "அன்பில்லாதவன் தேவனை அறியான்" என்பதை ஒரு பரிசோதனை முடிவு மாதிரி அவர் வாசித்தார் என்று சொல்லலாம்.

பழங்கணக்கு

அதே பாலைவனத்து ஆர்சேனியு கதை இங்கே பொருந்தும். பேரரசரின் மகன்களுக்கு ஆசிரியராக இருந்தவர், பெரிய கல்விமான். ஒரு நாள் எகிப்திய விவசாயித் துறவி ஒருவரிடம் தன் எண்ணங்களைப் பற்றி யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். இலத்தீனும் கிரேக்கமும் கரைத்துக் குடித்த நீங்கள் இந்தப் பட்டிக்காட்டானிடமா கேட்கிறீர்கள் என்றார் பார்த்தவர். அந்த இரண்டும் தெரியும், இவருடைய அரிச்சுவடியை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றாராம் ஆர்சேனியு.

மட்டுறுத்துநர்

நம் ஊர் ஞானமார்க்கம், பக்திமார்க்கம் பற்றி இரண்டு பதிவுகள் வந்தன. நல்ல பதிவுகள்தான், ஆனால் இழை திசை மாறும் என்பதால் தத்துவப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஆதித் திருச்சபையோடு நிற்போம்.

மலைக்கோட்டை வாத்தியார்

நான் மேற்குப் பக்கம், இலத்தீன் திருச்சபையைப் பற்றிப் பேசுகிறேன். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினார் இதை ஒரு புதிராகவே எடுத்துக்கொண்டார்: தெரியாத ஒன்றை எப்படி நேசிக்க முடியும்? திரித்துவம் பற்றிய நூலில் எட்டாம் புத்தகத்திலிருந்து பத்தாம் புத்தகம்வரை இதைப் போட்டு உருட்டுகிறார். ஒருவன் 'தெமேத்தும்' என்ற சொல்லை முதல்தரம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். மதுவுக்கு வழக்கொழிந்துபோன பழைய இலத்தீன் சொல் அது. கேட்டவனுக்குப் பொருள் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள ஆசை வருகிறது. தெரியாததை அவன் எப்படி ஆசைப்படுகிறான்? அது ஒரு சொல், வெறும் சத்தம் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், சொற்களின் வழியாக மனிதர்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்வது எவ்வளவு நல்லது என்பதும் தெரியும். அந்தத் தெரிந்த நன்மையின் மேல்தான் அவனுக்கு அன்பு, அந்த அன்புதான் அவனைத் தேட வைக்கிறது.

பவுலடியாரையும் எடுக்கிறார். அவர் முகம் எப்படி இருந்தது என்று நம்மில் யாருக்கும் தெரியாது, ஆளாளுக்கு ஒரு முகத்தைக் கற்பனை செய்கிறோம், ஆனாலும் நேசிக்கிறோம். எதை? அவருடைய நீதியுள்ள மனத்தை. நீதி என்றால் என்ன என்று நமக்குள்ளேயே ஏதோ பார்த்திருப்பதால்தான் அது முடிகிறது. கடைசியில் ஒன்பதாம் புத்தகத்தில், மனதுக்குள் பிறக்கும் 'வார்த்தை' என்பது அன்போடு கூடிய அறிவு என்கிறார். அன்பில்லாமல் தெரிந்துவைத்திருப்பது அவர் கணக்கில் அரைகுறைப் பிறவி.

குழுவில் பேச இன்னொன்று உதவும். கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலின் முதல் புத்தகத்தில், வேதத்தைப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறவன் தேவ அன்பையும் பிறர் அன்பையும் வளர்க்காத விதத்தில் புரிந்துகொண்டிருந்தால் அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்கிறார். விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் உறுதியானவனுக்குப் பிறருக்குப் போதிக்கத் தவிர வேதப்புத்தகமே தேவையில்லை, பாலைவனத்தில் பலர் புத்தகம் இல்லாமலே அப்படி வாழ்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வாழ்நாளெல்லாம் புத்தகமும் கையுமாக இருந்த மனிதர் சொல்கிறார் இதை.

எதிர்க்காற்று

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 415-இல் அதே அலெக்சாந்திரியாவில் ஹைப்பேஷியா என்ற கணித ஆசிரியையைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று இழுத்துப்போய்க் கொன்றது. எவாக்ரியுஸ் இறந்த மறுவருடமே ஆயர் தெயோபிலு, மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகனைப் படிக்கிறார்கள் என்று சொல்லி எவாக்ரியுஸின் நண்பர்களைப் பாலைவனத்திலிருந்து துரத்தினார். 553-இல் எவாக்ரியுஸுக்கே கண்டனம். அறிவையும் அன்பையும் சேர்த்துப் பேசியவர்களுக்குத் திருச்சபை காட்டிய அன்பு இதுதானே?

கிழக்குவாசல்

அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் தயாரில்லை. நடந்தது நடந்ததுதான். தெயோபிலு அதற்குச் சற்று முன்வரை ஒரிகன் பக்கம் இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், கதை இன்னும் கசக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். எவாக்ரியுஸின் கிரேக்க நூல்களில் பல அழிந்தன, சில சிரிய மொழியில் தப்பின, ஜெபத்தைப் பற்றிய நூல் நீலு என்ற வேறொருவர் பெயரில் கைமாறிக் கைமாறி வந்தது. ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமு என்ற துறவி, கண்டனம் செய்யப்பட்ட இந்த மனிதரின் சரக்கை ஏராளமாக எடுத்துக்கொண்டு அன்பைப் பற்றி 400 சிறு அதிகாரங்கள் எழுதினார். நெருப்பை நினைத்துப் பார்ப்பதால் உடம்பு சூடாகாது, அதுபோல அன்பில்லாத விசுவாசம் ஆத்துமாவில் அறிவின் ஒளியை ஏற்றாது என்கிறார். எவாக்ரியுஸ் அன்பை வாசலில் நிறுத்தினார், மாக்சிமுவுக்கு அது போதவில்லை, கடைசி அறைவரை அன்பே வருகிறது. அந்த மாக்சிமுவுக்கும் 662-இல் நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள், கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தம் உண்டு என்ற கொள்கையை விடவில்லை என்பதற்காக. வெட்டியதும் கிறிஸ்தவ அரசுதான்.

இந்த இழையில் இதுவரை வராத ஒருவர் மக்ரீனா. எனக்கு இந்த மொத்தப் பேச்சிலும் பிடித்த இடம் அதுதான். 379 வாக்கில், அண்ணன் பசிலியு இறந்த துக்கத்தோடு நீசாவின் கிரகோரியார் அக்காவைப் பார்க்க வருகிறார். அவளோ தானே சாகக் கிடக்கிறாள். தரையில் ஒரு பலகை, மேலே சாக்குத்துணி, தலைக்குத் தலையணையாக இன்னொரு பலகை. ஆறுதல் தேடி வந்த ஆயருக்கு அவள் பாடம் நடத்துகிறாள். அந்த உரையாடலை அவர் எழுதிவைத்தபோது, தம் வாயில் சந்தேகங்களையும் அவள் வாயில் பதில்களையும் வைத்தார், அவளை 'ஆசிரியர்' என்றே அழைக்கிறார். அங்கே மக்ரீனா சொல்கிறாள்: எதிர்பார்த்தது கைக்கு வந்த பிறகு நம்பிக்கைக்கு வேலையில்லை, ஆனால் அன்புக்கு ஓய்வில்லை. தேவனுடைய வாழ்க்கையே அன்புதான், ஏனென்றால் அழகானது அதை அறிகிறவருக்கு நேசிக்கத்தக்கது, தேவன் தம்மைத் தாமே அறிகிறார், அந்த "அறிவு அன்பாகிறது". அழகுக்கு எல்லை இல்லாததால் அன்புக்கும் எல்லை இல்லை.

எது முதல், எது இரண்டாவது என்ற கேள்வியே அங்கே கழன்றுபோகிறது. கிளெமெந்து, எவாக்ரியுஸ் இருவரின் ஏணியும் நம் பக்கத்திலிருந்து ஏறுவதற்கு. மக்ரீனா மேலே தேவனுக்குள் என்ன நடக்கிறது என்று பேசுகிறாள், அங்கே இரண்டும் ஒன்று.

மலைக்கோட்டை வாத்தியார்

மேற்கில் 200 வருடம் கழித்துப் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் கிட்டத்தட்ட இதையே சொன்னார், மக்களுக்குச் செய்த பிரசங்கத்தில். கேட்ட பரலோக விஷயங்களை நேசிக்கும்போதே, நேசித்ததை அறிந்துவிட்டோம், ஏனென்றால் அன்பே அறிவு. உங்களைச் சிநேகிதர் என்றேன் என்கிற யோவான் 15-ஆம் அதிகாரப் பகுதிக்கு விளக்கம் அது. தம்பி எதிர்க்காற்று, உங்கள் மேல்தட்டு கீழ்த்தட்டுப் பிரச்சினைக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. படிக்காத கூட்டத்தைப் பார்த்து, நேசிக்கிற நீங்களும் அறிந்தவர்கள்தான் என்கிறார்.

எதிர்க்காற்று

பாதிப் பதில் என்று நீங்களே சொன்னதற்கு நன்றி ஐயா. நேசிக்கிறவன் எல்லாம் அறிந்தவன் என்றால் தப்பாக நேசிக்கிறவனை என்ன செய்வது? கும்பல்கூடத் தேவனை நேசிப்பதாக நினைத்துக்கொண்டுதான் கல்லெடுத்தது.

மலைக்கோட்டை வாத்தியார்

அதற்குத்தான் எட்டாம் அதிகாரத்துப் பலவீனமான சகோதரன். நேசிப்பதாகச் சொல்கிறவன் கையால் யார் அடிபட்டார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பழங்கணக்கு

அப்படியானால் அறிவும் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது ஐயா, அடிபட்டது யார் என்று கண்டுபிடிக்கவும் பார்க்கத் தெரிய வேண்டுமே. எவாக்ரியுஸ் 'ஞானி' என்ற தன் நூலில் ஆசிரியருக்குச் சொல்லும் புத்திமதியில் பாதி இதுதான்: கேட்கிறவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்துப் பேசு, சிலவற்றைச் சிலரிடம் சொல்லாமல் விடு.

கரைவழி

எல்லோருக்கும் நன்றி. எதை முதலில் வாசிக்கலாம்?

கிழக்குவாசல்

மக்ரீனாவின் உரையாடலை. சின்ன நூல், கதை மாதிரியும் போகும். அப்புறம் எவாக்ரியுஸின் 'பிராக்டிகோஸ்', நூறு குட்டி அதிகாரம்தான். கிளெமெந்துவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தேடுகிறவனுக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே கலைத்துப் போட்டு எழுதியிருக்கிறார், அதை அவரே சொல்லவும் செய்கிறார். ஒரிகனின் உன்னதப்பாட்டு விளக்கத்தைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அதற்குத் தனி இழை திறக்கிறேன். எதிர்க்காற்று, உங்கள் கல்லெறிக் கேள்வியை அங்கேயும் கொண்டுவாருங்கள், ஒரிகனையே அதிகம் அடித்திருக்கிறார்கள்.